பார்த்தால்தான் என் கால்

சிங்கப்பூர்
3 மார்ச் 1994

அன்புள்ள மாஸ் வார்ஜோவுக்கு,

நான் நலம். நீங்களும் குழந்தை ரத்ரியும் நலந்தானே? உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் பயந்துபோனேன். அது உங்கள் கையெழுத்தே இல்லை. அச்சுக் கோத்த மாதிரி எழுதுகிறவர் நீங்கள். இது சேற்றில் கோழி நடந்த மாதிரி இருக்கிறது. யாரை எழுதச் சொன்னீர்கள்? அவள் யார்?

பக்கத்து வீட்டுத் தமி அக்காவும் எழுதியிருந்தாள். காய்ச்சல் விட்டதிலிருந்து நீங்கள் பஸ் ஓட்டப் போவதில்லையாம். “பொழுது சாஞ்சா உம் புருஷன் சுவத்தப் புடிச்சிக்கிட்டுதான் நடக்குறாரு. நான் ஒண்ணும் சொல்லல, நீயே புரிஞ்சுக்க” என்கிறாள். உங்கள் அப்பா குடித்தே போனவர். நான் என்னதான் நினைப்பது?

உங்கள் லாஸ்த்ரி

வொனோசோபோ
16 மார்ச் 1994

அன்புள்ள லாஸ்த்ரிக்கு,

அதை எழுதியது நான்தான். இதையும் நான்தான் எழுதுகிறேன். பேனாவை விரல் பிடித்திருப்பது பார்த்தால்தான் எனக்குத் தெரிகிறது. எழுத்தைப் பார்ப்பேனா, விரலைப் பார்ப்பேனா?

நான் குடிக்கவில்லை. செமாராங்கில் பெரிய டாக்டரிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லி, என் கால் கட்டைவிரலை அசைத்து, மேலேயா கீழேயா என்று கேட்டார். அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. “கை காலுல பலம் இருக்கு. அது எங்க இருக்கு, எதத் தொடுதுன்னு மூளைக்குச் சேதி கொண்டுபோற நரம்புதான் கெட்டுப்போச்சு. இனி கண்ணுதான் அந்த வேலையச் செய்யணும்” என்றார்.

அதனால் காலைப் பார்த்தபடியே நடக்கிறேன். “என்னப்பா, எறும்பு எண்ணுறியா?” என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். வெளிச்சம் குறைந்தால் சுவர்தான் துணை. பிரேக்கில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு எப்படி பஸ் ஓட்டுவது?

உன் வார்ஜோ

சிங்கப்பூர்
2 ஏப்ரல் 1994

மாஸுக்கு,

கதை நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே நான் வேலை செய்யும் வீட்டு அம்மாளிடம் சொன்னேன். பலம் இருக்கிற கால் எப்படி நடக்காமல் போகும் என்று கேட்டாள்.

நீங்கள் ரத்ரியைத் தூக்குவதே இல்லையாம். வாயருகே குழந்தை வந்தால் வாடை தெரிந்துவிடும் என்றா? என் அம்மா வந்து அவளை அழைத்துப் போவாள். தடுக்காதீர்கள். எது உண்மை என்று நானே தெரிந்துகொள்கிறேன்.

லாஸ்த்ரி

வொனோசோபோ
20 மே 1994

லாஸ்த்ரிக்கு,

லீவு முடிந்து நீ பத்திரமாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. என் உதட்டில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள். கடிதம் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். சோதித்துப் பார்த்ததில் எனக்குக் கோபமில்லை.

ரத்ரியை ஏன் தூக்கவில்லை என்று கேட்டிருந்தாய். அவள் முகத்தைப் பார்த்தால் என் கையைப் பார்க்க முடியாது. கையைப் பார்க்காவிட்டால் பிடி விட்டுப்போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துக்குக் கீழேதான் எனக்குத் தொடுகை தெரியாது. முகத்தில் தெரியும். அன்று முற்றத்தில் நின்றபோது பின்னாலிருந்து இரண்டு கைகள் என் கண்ணைப் பொத்தின. உன் கை என்று உடனே தெரிந்துவிட்டது. காய்ச்சலுக்குப் பிறகு ஒருவர் என்னைத் தொட்டதை நான் உணர்ந்தது அப்போதுதான். சொல்லாமல் வந்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் விழுந்தேன்.

ரத்ரி உன் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த லீவில் வரும்போது நீயும் அங்கேயே இறங்கிக்கொள்.

வார்ஜோ