துப்பாக்கிக்கு ஒரு இரவல் சீட்டு

ஜூன் 3

மகள் தூவாவுக்கு இரண்டாவது பல். மதியம் முழுக்க அழுதுவிட்டு இப்போதுதான் தூங்குகிறாள். நானும் தூங்கியிருக்க வேண்டும். அதற்குப் பதில் எழுதுகிறேன்.

என் கணவன் சிந்த்ரே நீளமான அட்டைப்பெட்டியோடு வந்தான். "உனக்கும் சேர்த்துதான்" என்றான். உள்ளே புது ரைஃபிள், முந்நூறு மேக்னம் என்ற பெரிய தோட்டா ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட் வலது பக்கம்.

"அப்பாவோடது எங்க?"

"கடையில குடுத்துட்டு இத எடுத்துட்டு வந்தேன். அந்தப் பொடி ஆறரை மில்லிமீட்டர வச்சிக்கிட்டு மூஸ் மானையா அடிக்கிறது? இதுக்குக் கரடியே சாயும்."

"எனக்கு இடது கை, சிந்த்ரே."

"பழகிக்கும்."

இந்த ஊரில் இடது கைக்காரர்கள் அப்பாவும் நானும்தான். இடது பக்க போல்ட் வேண்டும் என்று அவர் ஒன்றரை வருடம் காத்திருந்து வாங்கிய துப்பாக்கி. பொடியாம். முப்பத்தோரு இலையுதிர் காலம் எங்கள் வீட்டுக்கு இறைச்சி தந்த பொடி.

ஜூன் 4

கடைக்குப் போன் செய்தேன். நேற்று சாயங்காலமே விற்றுவிட்டார்களாம், யாரோ கடற்கரைப் பக்கத்து ஆளுக்கு. பெயரைச் சொல்லமாட்டார்களாம்.

ஜூன் 6

அவனால் எப்படி விற்க முடிந்தது? யோசித்து யோசித்துக் கடைசியில் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அக்டோபரில் அப்பா இறந்துபோனார், எனக்கு அப்போது எட்டாம் மாதம். துப்பாக்கியைப் பெயர் மாற்றும் காவல் நிலையத்துப் படிவம் மேசைமேல் கிடந்தது. "இப்ப என் பேர்ல போட்டுடறேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்றான். சரி என்றேன். படித்தவள். மருந்துக் கடையில் அடுத்தவர் சீட்டில் ஒரு எழுத்து தப்பினாலும் பிடிப்பவள். என் அப்பாவின் துப்பாக்கிக்கு நானே 'சரி' சொன்னேன்.

ஜூன் 19

சுடுதளத்தில் பயிற்சி. மேக்னம் அவன் பெயரில் இருப்பதால் நான் அதைத் தொட ஒரு தாள் வேண்டும். 'என் மனைவி மாரித்துக்கு நான்கு வாரம் இரவல் தருகிறேன்.' கீழே கையெழுத்து, பெரிதாக.

இடது தோளில் வைத்துச் சுட்டுவிட்டு, வலப்பக்கம் இருக்கும் போல்ட்டை எக்கி இழுக்க வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் மூஸ் மான் எல்லை தாண்டி ஸ்வீடனுக்கே போய்விடும். சுடும்போது தோளில் விழும் உதை வேறு. பன்னிரண்டு குண்டு. ராத்திரி தூவா இடது பக்கம் பால் குடிக்கும்போது அந்தக் கன்றிய இடத்தைக் கையால் தட்டித் தட்டிக் குடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2

சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் குன்வோர் இன்று ஒரு வேலை செய்தாள். எனக்குத் தெரியாமல் குண்டுகளுக்கு நடுவே சுட்டு முடிந்த காலித் தோட்டா ஒன்றைப் போட்டுவிட்டாள். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. ஆனால் என் தோள் பின்னால் துள்ளியது, கண் மூடிக்கொண்டது, குழல் தரையைப் பார்த்தது.

"பாத்தியா பொண்ணே, அது உதைக்கிறதுக்கு முன்னாடியே நீ உதை வாங்கிக்கிற" என்றாள். "இதோட காட்டுக்குப் போனா மான் வயித்துலதான் குண்டு விழும். ராத்திரி முழுக்க அது நடக்கும், நாயோட நீ பின்னாடியே நடப்ப."

ஒரு மிருகத்தை அப்படிச் சாகவிடமாட்டேன். அதற்கு வேட்டைக் குழுவில் என் இடமே வேண்டாம்.

இல்லை. இடம் வேண்டும்.

ஜூலை 3

இன்றுதான் முழுசாகப் புரிந்தது. வேட்டைக் குழுவில் ஒரு பண்ணைக்கு ஒரு காவல் இடம், மான் வரும்வரை ஒருவர் உட்கார்ந்து காத்திருக்க. எங்களுடையது சதுப்பு ஓரத்து ஏழாம் எண். அப்பாவுக்குப் பிறகு எனக்கு. வேட்டைக்கு முன் வைக்கும் சுடும் தேர்வில் நான் தவறினால் சிந்த்ரே போய் உட்காருவான். குழந்தையின் அப்பாவுக்கென்று தரும் விடுப்பையும் சரியாக செப்டம்பர் இருபத்தைந்திலிருந்துதான் எழுதிக் கொடுத்திருக்கிறான், வேட்டை தொடங்கும் நாளிலிருந்து. குழந்தையைப் பார்க்கத் தரும் விடுப்பில் மூஸ் மானைப் பார்க்கத் திட்டம்.

"அந்த லீவு எதுக்குன்னு தெரியுமா?" என்றேன்.

"எல்லா அப்பனுங்களும் அப்பத்தான எடுக்கறானுங்க. ஆபீஸ்ல கேட்டுப் பாரு."

"தூவாவ யாரு பாக்கறது?"

"நீதான் வீட்ல இருப்பியே."

அந்த மாதம் நான் மருந்துக் கடைக்குத் திரும்பும் மாதம். அதைக்கூட மறந்துவிட்டான். தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். படுக்கப் போகும்போதும் அங்கேயேதான் இருந்தது.

ஜூலை 5

துப்பாக்கி வாங்கும் அனுமதிக்கு மனுப் போட்டேன். பெயர்: மாரித். வேறு யார் பெயரும் இல்லை.

ஆகஸ்ட் 9

அனுமதி வந்தது. அந்தக் கடைக்குப் போகவில்லை, எழுபது கிலோமீட்டர் தள்ளி வேறு கடை. தூவா முதுகுப் பையில்.

கடைக்காரர் முதலில் மேக்னத்தைத்தான் எடுத்தார். "பெரிய மிருகம், பெரிய தோட்டா."

"இடது கை போல்ட், ஆறரை மில்லிமீட்டர். அது மட்டும் எடுங்க."

மூன்று வந்தன. ஒன்றில் தோளில் பதியும் மரக்கட்டை அதிக நீளம். தொலைநோக்கிக்குக் கண் எட்டவில்லை. இன்னொன்றில் பாதுகாப்புப் பூட்டு போட்டாலும் போல்ட் திறந்துகொண்டது. புதருக்குள் கிளை மாட்டி இழுத்தால்? முதுகில் குழந்தையோடு நிற்பவளுக்கு அந்த யோசனைதான் முதலில் வரும். மூன்றாவது தோளில் வைத்ததும் கண் தானாக நடுவில் போய் நின்றது. பூட்டினால் போல்ட் அசையவில்லை. சாதாரண வால்நட் மரக்கட்டை. பனிக்காலக் கையுறையைப் போட்டுக்கொண்டு போல்ட்டை இருபது தடவை இழுத்தேன். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

குண்டு செம்பு. ஈயம் இறைச்சியில் துகளாகச் சிதறும் என்று படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தூவாவின் முதல் கொத்துக்கறி இந்தக் குண்டு பாய்ந்த இறைச்சியாகத்தான் இருக்கும்.

சிந்த்ரே பார்த்துவிட்டு, "பொடிதானே மறுபடியும்" என்றான். அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 24

தேர்வு. நூறு மீட்டர், ஐந்து குண்டு, ஐந்தும் வட்டத்துக்குள். குன்வோர் அட்டையைக் கொண்டுவந்து, "கையால வச்ச மாதிரி இருக்கு" என்றாள். தோள் வலிக்கவில்லை. சாயங்காலம் தூவா இடது பக்கம் குடித்தாள்.

செப்டம்பர் 6

எனக்கு மாற்றாளாக இருக்கலாம் என்று சிந்த்ரேயும் மேக்னத்தோடு தேர்வுக்குப் போனான். மூன்று உள்ளே, இரண்டு வெளியே. மறுபடி சுட்டான். இரண்டு உள்ளே.

குழுத் தலைவர் ஹல்வோர் அவனுக்கும் காலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். சத்தமே இல்லை, ஆள் மட்டும் பெஞ்சோடு சேர்ந்து குதித்தான். ஏழெட்டு பேர் பார்த்தார்கள்.

"மாப்ள" என்றார் ஹல்வோர், "கரடி சாயுமோ என்னமோ, நீ சாஞ்சிட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவின் துப்பாக்கி யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது.

செப்டம்பர் 25

ஏழாம் எண். விடியலிலிருந்து பதினோரு மணி வரை சதுப்பில் மூடுபனி. பிறகு தாயும் கன்றும். தாயை விட்டேன். கன்று பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்து ஒரே குண்டு. பதினைந்து தப்படி நடந்து படுத்துக்கொண்டது. போல்ட்டை இழுத்து இரண்டாவது குண்டை ஏற்றியது எனக்கே தெரியாது, கையே செய்திருக்கிறது.

வீட்டில் சிந்த்ரே. தலைமுடியில் கஞ்சி. தூவா ஒரு மணிநேரம்கூடத் தூங்கவில்லையாம். "தினமும் இப்படியா?" என்றான்.

"தினமும்."

செப்டம்பர் 27

ரெண்டு நாளாக ஏதோ கேட்க வந்து கேட்காமல் போய்க்கொண்டிருந்தான். இன்று தூவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"நாளைக்குக் குன்வோர் ஒரு தேர்வு வைக்கிறாளாம். பாஸானா ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நான் உக்காரவா? உன் துப்பாக்கியோடதான். மேக்னம் எனக்கு வேணாம்."

அவன் பாட்டி கழுத்தில் கிடந்த நகையை விற்றுவிட்டு வந்து நான் இப்படிக் கேட்டிருப்பேனா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இரண்டு ராத்திரி தூங்காத முகம் அவனுக்கு. தூவா அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அவன் இழுக்க விட்டிருந்தான்.

"மேக்னத்த வித்துடு" என்றேன். "அந்தக் கடற்கரைக்காரன் யாருன்னு விசாரி. கண்டுபிடிக்கற வரைக்கும் விசாரி. அவன் தரமாட்டேன்னா, அத நீயே வந்து எங்கிட்ட சொல்லு."

"சரி."

ஒரு தாளை எடுத்தேன். 'சிந்த்ரேவுக்கு, இரண்டு நாள் இரவல். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள், துடைத்து, அலமாரியில் வைத்துத் திருப்பித் தரப்பட வேண்டும். உரிமையாளர்:' கையெழுத்துப் போட்டேன், பெரிதாக.

அவன் துப்பாக்கியை வலது தோளில் வைத்துப் பார்த்தான். கை போல்ட்டைத் தேடி, இல்லாத பக்கத்தில் தடவியது.

"இது எப்படி மாரித், எனக்கு..."

"பழகிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூவாவை வாங்கிக்கொண்டேன்.