நாற்பத்தொன்றாம் குப்பியின் முகவரி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே இருவரும் கத்துகிறோம், அதனால்தான் காகிதம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடலில் இறங்குமுன் ஏதாவது சாப்பிடுகிறாயா, இல்லை பழைய கதைதானா?

போன வருடம் எங்கள் ஆய்வுக்கு நீ முங்கி எடுத்துத் தந்த நாற்பத்தொரு கடற்பஞ்சுகளில் கடைசிக் குப்பி மட்டும்தான் வேலை செய்தது. எந்த மருந்துக்கும் மசியாமல் நம் அம்மாவைக் கொண்டுபோன அதே கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டில், அந்தப் பஞ்சின் சாற்றை ஒரு சொட்டு வைத்தேன். சுற்றிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது சாறு தீர்ந்துவிட்டது. நீ குப்பியின் சீட்டில் எழுதிய அதே பாறையில், அதே இருபது மீட்டர் ஆழத்தில், வேறு ஆட்களை இறக்கி மூன்று முறை எடுத்தோம். மூன்றும் ஒன்றுக்கும் உதவவில்லை.

"உங்க தட்டுல ஏதாவது கலந்திருக்கும்மா. மூட்டை கட்டுங்க" என்று எல்லோர் முன்னாலும் எங்கள் நிறுவன இயக்குநர் சிரித்தார். மாதக் கடைசிக்குள் மறுபடி காட்டாவிட்டால் என் அறையைப் பூட்டிவிடுவார். நான் விடப்போவதில்லை. ஒருமுறை நீயே வந்து இறங்கேன்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

முழங்கால் பரவாயில்லை. சாப்பிடுகிறேன். இதை எப்படி எழுதுவதென்று நான்கு நாள் பேனாவைக் கடித்தேன்.

அன்று அலை மோசம். நாற்பதோடு கரையேறிவிட்டேன். ஒரு குப்பி காலியாக வந்தால் ஆயுசுக்கும் கேலி செய்வாயே! பழைய படகுத்துறையின் மூன்றாம் தூணில், இடுப்பளவுத் தண்ணீரில், சாக்கடை விழும் பக்கமாக ஒன்று ஒட்டியிருந்தது. சுரண்டிப் போட்டு, 'பாறை, இருபது மீட்டர்' என்று எழுதிவிட்டேன்.

வெளியே தெரிந்தால் உன் பெயரும் கெடும். சத்தமில்லாமல் அங்கேயே எடுத்து, பாறை என்றே எழுதி அனுப்பிவிடுகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது? மன்னித்துவிடு.

தம்பி

மார்ச் 15

தம்பி,

'அன்புள்ள' இன்று கிடையாது.

தூணைத் தொடாதே. பொய்ச் சீட்டில் பிறக்கும் மருந்தை எந்த முகத்தோடு ஒரு நோயாளிக்குக் கொடுப்பேன்? உன் கடிதத்தை இயக்குநர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். "தம்பியையும் மாட்டிவிட்டு நீங்களும் மாட்டிக்கிட்டீங்களே" என்றார். "ஆமா சார். ஆனா இடம் தெரிஞ்சிருச்சு. மாசக் கடைசி வரைக்கும் சாவி எங்கிட்டதானே?" என்றேன்.

இனி நிறுவனம் உன்னைக் கூப்பிடாது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு சாட்சிகளோடு படகுத்துறைக்கு வருகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுதானே, நானே இறங்குகிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

வந்துவிட்டது பார், 'அன்புள்ள'. கோபம் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.

சனிக்கிழமை அந்தச் சாக்கடை நாற்றத்தில் என் இடுப்புப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அதை மறக்கமாட்டேன். பன்னிரண்டு தட்டு போட்டேன். பன்னிரண்டிலும் சொட்டைச் சுற்றிக் கிருமி செத்துக் கிடக்கிறது. இயக்குநர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சிரிக்கவில்லை. சாவி என்னிடமே இருக்கிறது. மருந்தாக இன்னும் பத்து வருடம் ஆகலாம், ஆகாமலே போகலாம். ஆகட்டும், அதுவரை மல்லுக்கு நிற்பேன்.

புதுச் சீட்டில் 'படகுத்துறை, மூன்றாம் தூண், இடுப்பளவு, சாக்கடைப் பக்கம்' என்று எழுதினேன். 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் உன் பெயர். இயக்குநர் அதை அடித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார்.

இப்போது அதைக் குப்பியின் கண்ணாடியிலேயே கீறி வைத்திருக்கிறேன். இனி அடிக்கட்டும், பார்ப்போம்.

உன் அக்கா