குப்பைதான் போகும்

தாராவி
12.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

செண்பகம் எழுதுவது. நான் இருக்கிறேன். நீங்கள் கல்யாணில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்களோ தெரியவில்லை. அப்துல் ரவூப் பாய் கடையிலேயே படுக்கை என்று கேள்விப்பட்டேன். மழைக்காலம், தரையில் படுக்க வேண்டாம்.

போன் செய்யாமல் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் அழுகையிலோ சண்டையிலோ போய் நிற்கிறோம். நம் பிள்ளை பொன்செல்வி போய் அடுத்த மழையும் வந்துவிட்டது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இது கம்ப்யூட்டர் விஷயம். எழுதி அனுப்பினால் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்வேன்.

அவள் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. மாட்டுங்காவில் கடை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் போடுகிறேன். உங்களுக்குத் தெரியுமே, விண்டோஸ் போடுகிற சத்தங்களை எல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறாள். திறந்தால் "வந்துட்டியாம்மா" என்பாள். ஏதாவது தப்பாக அழுத்தினால் "அரே அம்மா, தப்பா அமுக்குதியே" என்பாள். சில நாள் வேண்டுமென்றே தப்பாக அழுத்துவேன்.

இப்போது உலை கொதிக்கிற வரைக்கும் திரை கறுப்பாகவே கிடக்கிறது. அப்புறம் "வந்... வந்துட்..." என்று திக்கித் திக்கி வருகிறது. அவள் ஒருநாளும் திக்கியதில்லை. இடம் இல்லை என்று வேறு ஏதோ எழுத்து வந்து வந்து போகிறது.

பக்கத்து வீட்டு நூர் நிஷாவின் தம்பி பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சிரலாம் அக்கா, புதுசு மாதிரி ஆயிரும்" என்றான். புதுசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதுவும் மாறக் கூடாது, வேகம் மட்டும் கூட வேண்டும். அதற்கு வழி இருந்தால் எழுதுங்கள்.

உங்கள்
செண்பகவல்லி


கல்யாண்
19.6.2025

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடை வாசலில் நின்றபடியே படித்தேன். ரவூப் பாய் "க்யா ஹுவா, காளி பாய்?" என்று கேட்டார். "வீட்டுல இருந்து கடுதாசி" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி நாளாயிற்று. சாப்பாடு மெஸ்ஸில்தான். சாம்பாரில் வெல்லம் போடுகிறான், பழகிவிட்டது.

ஃபார்மட் வேண்டவே வேண்டாம், நீ சொன்னது சரி. முதலில் தூசியைப் பார்ப்போம். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடு. பெட்டியின் பக்கத்து மூடியில் பின்னால் இரண்டு திருகாணி இருக்கும், கழற்றினால் மூடி நகரும். உள்ளே சின்ன ஃபேன் இருக்கும். அது சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் மெதுவாகத் தட்டிவிடு. ஈரத்துணி மட்டும் கூடாது. சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பாதி வியாதி அதுதான். பெட்டியைத் தரையில் வைக்காதே, ஸ்டூலில் ஏற்றிச் சுவரை விட்டுத் தள்ளி வை.

அடுத்தது, நீ திறக்கும்போதே கூடவே திறந்துகொள்கிற கூட்டம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. வருகிற பெட்டியில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் அவள் படிப்புக்குப் போட்ட சாட்டிங், மீட்டிங் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் வலது பொத்தானை அழுத்தி டிஸேபிள் கொடு. அழிந்துபோகாது, கூப்பிடாமல் வராது, அவ்வளவுதான். சத்தங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து செய்துவிட்டுப் போகலாம். நீ சரி என்றால்.

உன்
காளிராஜ்


தாராவி
10.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். மூடியைத் திறக்கத்தான் பயமாக இருந்தது. ஃபேனில் தூசியோடு அவள் தலைமுடி சுற்றிக் கிடந்தது. நீளம் நீளமாக. ஈரத்தலையோடு அதன் முன்னால் உட்கார்ந்தே காயவைப்பாளே. பிரஷால் எடுக்காமல் கையாலேயே பிரித்து எடுத்தேன். அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை.

இப்போது திக்கவில்லை. ஒரே மூச்சில் "வந்துட்டியாம்மா" என்கிறாள். நூர் நிஷாவுக்குச் சுவர் வழியாகக் கேட்கிறதாம், "ஆஜ் பேட்டி சாஃப் போல் ரஹி ஹை" என்றாள். பிள்ளை இன்றைக்குத் தெளிவாகப் பேசுகிறாளாம். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் அத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வந்து உட்கார்ந்தால் என் கை தானாக மூன்று தட்டு எடுத்து வைத்துவிடும். அதற்கு இன்னும் எனக்குத் தெம்பு இல்லை.

எழுத்தெல்லாம் பொடியாகத் தெரிகிறது, கண்ணாடி போட்டும் முடியவில்லை. பெரிதாக்க வழி உண்டா? இடம் இல்லை என்ற அந்த எழுத்தும் இன்னும் வருகிறது. வெல்லம் போட்ட சாம்பாரையே சாப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஆள் வந்தால் பொடி அரைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள்
செண்பகவல்லி


கல்யாண்
2.8.2025

அன்புள்ள செண்பகத்துக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழைத் தண்ணீர் புகுந்த மெஷின்கள் கடையில் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைத் துடைத்து நிமிர்வதற்குள் அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதையும் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரோடுதான் எழுதுகிறேன்.

எழுத்தைப் பெரிதாக்குவது சுலபம். வெறும் திரையில் வலது பொத்தானை அழுத்தி டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போ. ஸ்கேல் என்று இருக்கும் இடத்தில் நூற்றிருபத்தைந்து வை. மவுஸ் அம்பும் பெரிதாக வேண்டுமென்றால் சொல், அதற்கும் வழி இருக்கிறது.

இடம் இல்லை என்பது, உள்ளே குப்பை சேர்ந்திருப்பதால். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ். கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒரு பட்டியல் காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னப் பெட்டி இருக்கும். எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு, மேலே இருக்கிற ரிமூவ் பட்டனை அழுத்து. பயப்படாதே, ஒன்றும் ஆகாது. குப்பைதான் போகும்.

மூன்று தட்டு என்று எழுதியிருந்தாய். எனக்கு இங்கே மெஸ்ஸில் ஒரே தட்டு, அதைப் பார்த்தாலும் அதே நினைப்புத்தான். செப்டம்பரில் அவளுக்கு முதல் வருஷம் வருகிறது. படத்துக்கு மாலை போட அன்றைக்கு மட்டுமாவது வரட்டுமா? நீ சொல்லாமல் வர மாட்டேன்.

உன்
காளிராஜ்


தாராவி
13.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வருஷத்துக்கு வாருங்கள். நிறைய யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஒருத்தியாக நின்று அந்தப் படத்துக்கு மாலை போட முடியாது. முதல்நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள். அவளுக்குப் பிடித்தது எல்லாம் செய்ய வேண்டும், தேங்காய் துருவ ஆள் வேண்டும். அதற்கப்புறம் நீங்கள் அங்கேயா இங்கேயா என்பதை அன்றைக்கு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

எழுத்துப் பெரிதாகிவிட்டது, கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது. குப்பையையும் எடுத்துவிட்டேன். பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது, டவுன்லோட்ஸ் என்று ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும்தான் இல்லை. நீங்கள் எழுதியபடி அவற்றுக்கும் போட்டு அழுத்தினேன். இடம் இல்லை என்ற எழுத்து அதற்கப்புறம் வரவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். அன்றையிலிருந்து அவள் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரோ என்று பார்த்தேன், பாட்டுப் போட்டால் பாடுகிறது. தப்பாக அழுத்திப் பார்த்தேன், அதற்கும் சும்மா இருக்கிறது. தினமும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன். நேற்று அது தானாகவே ஏதோ அப்டேட் என்று சுற்ற ஆரம்பித்தது, அணைக்காதே என்று எழுத்து வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். முடிந்ததும் வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

சத்தம் எந்தப் பக்கத்தில் அணைந்திருக்கும் என்று மட்டும் எழுதுங்கள். நானே போட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
செண்பகவல்லி


கல்யாண்
2.9.2025

செண்பகம்,

அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

லீவும் மழையுமாகத் தபால் நின்று, உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதிதான் என் கைக்கு வந்தது. வருஷத்துக்கு வாருங்கள் என்ற வரியைப் படித்து முடிக்கும் முன்பே அடுத்ததைப் படித்துவிட்டேன். போட்டிருந்த சட்டையோடு ரயில் ஏறினேன். ரயிலில் இருந்து போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. கதவைத் திறந்து, "வருஷத்துக்கு இன்னும் நாள் இருக்கே அத்தான்" என்றாய். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சத்தங்களின் பெயரெல்லாம் அந்தந்த இடத்தில் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பெயரும் டவுன்லோட்ஸ் பக்கம் கைகாட்டியது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் அங்கேதான் வைத்திருந்தாள், வேறெங்கும் வைக்கவில்லை. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் வரும் என்பது எனக்குத் தெரியும் செண்பகம். கடையில் வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன், அதில் மட்டும் டிக் போடாதீர்கள் என்று. உனக்கு எழுதும்போது எழுதவில்லை. கை வேலையில் இருந்தது, அவசரத்தில் எல்லாப் பெட்டியும் என்று எழுதிவிட்டேன்.

"திரும்ப எடுத்திரலாமா?" என்று கேட்டாய். "எடுத்திரலாம்" என்றேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது. டிஸ்க்கை நகல் எடுத்துக்கொண்டு வந்து இரவு பகலாகத் தேடினேன். பெயர்கள் வந்தன. திறந்தால் உள்ளே வெறும் இரைச்சல். வாஷியில் இதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இஸ்கே ஊபர் தூஸ்ரா லிக் தியா ஹை" என்றார். அப்டேட் வந்து அந்த இடத்தில் வேறு எழுதிவிட்டதாம். நீ கடிதம் எழுத உட்காரும் முன்பே எல்லாம் முடிந்திருக்கிறது.

என் போனை முழுக்கப் பார்த்தேன். எனக்கு எழுத்தாகத்தான் அனுப்பியிருக்கிறாள். அவள் போன் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது. நம் சொந்தத்தில் பேச்சிராஜா கல்யாண வீடியோவில் அவள் ஆடுகிறாள், வாய் அசைகிறது, பேண்ட் சத்தம்தான் கேட்கிறது.

மிச்சம் இருக்கிற படங்களையாவது இரண்டு பென் டிரைவில் எடுத்துவை. ஒன்றை வீட்டில் வை, ஒன்றை நூர் நிஷாவிடம் கொடு. எப்படி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்.

வருஷத்துக்கு வரலாமா என்று இப்போது கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு வரி எழுது.

காளிராஜ்


தாராவி
28.9.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வருஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நீங்கள் அன்றைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு என் பதிலுக்காக உட்கார்ந்திருந்ததாக ரவூப் பாய் நூர் நிஷாவிடம் போனில் சொன்னாராம். நான் எழுதவில்லை. மாலையை நான்தான் போட்டேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன். தேங்காயை நூர் நிஷா துருவிக் கொடுத்தாள்.

படங்களைப் பென் டிரைவில் எடுத்தாயிற்று.

நீங்கள் எழுதிய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் அவள் உடம்பு அனலாகக் கொதித்தபோதும், "மழைக்காய்ச்சல்தான், ஒண்ணும் ஆவாது, திங்கக்கிழமை பாப்போம்" என்றீர்கள். நான் கேட்டுக்கொண்டு ஈரத்துணி போட்டபடி உட்கார்ந்திருந்தேன். இதுநாள் வரை அதை நான் உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் நீங்கள் உயிரோடு இருக்க மாட்டீர்கள் என்று பயந்தேன். இப்போது அந்தப் பயமும் போய்விட்டது.

இரண்டு முறையும் சொன்னது நீங்கள், செய்தது நான். அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் என் கை ஞாபகம் வருகிறது. என்னைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டு பேரும் ஒரே அறைக்குள் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. நீங்கள் அங்கேயே இருங்கள். சாம்பார்ப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறேன், அதற்குப் பதில் வேண்டாம்.

கம்ப்யூட்டரை இப்போதும் சாயங்காலம் போடுகிறேன், பழக்கத்தில். போட்ட கையோடு திறந்துகொள்கிறது. எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது. சூடு ஆவதில்லை, இடம் நிறைய இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. இனி அதைப் பற்றி உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

செண்பகவல்லி