நாலு பேர் வேண்டாம்

மார்ச் 2

சரிந்த பாதையை இனிப் போட மாட்டார்களாம். பொறியாளர் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் மேலே உள்ள வீடுகளைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் இருப்பது கால்நடையாக இறங்கும் தடம் ஒன்றுதான். இறக்கத்தில் என் முழங்கால் மடங்கிவிடும் என்பது ஊருக்கே தெரியும்.

மகன் ஃபோன் செய்தான். "சாமானெல்லாம் ஆளுங்க சுமந்துடுவாங்கம்மா. உங்களுக்கு நாற்காலி சொல்லிட்டேன். நாலு பேர் தூக்கிட்டு வந்துடுவாங்க."

நாலு பேர். யோசித்துத்தான் சொன்னானா?

மார்ச் 3

நாலு பேர் தூக்குவது ஒரு தடவைதான். அப்போது பார்க்க நான் இருக்க மாட்டேன். அதுதான் அதில் உள்ள ஒரே மரியாதை.

மார்ச் 5

கொட்டகையிலிருந்து அவர் விட்டுப்போன மலைச் சைக்கிளை வெளியே எடுத்தேன். 'எருமை' என்பார் அதை. மேட்டுத் தெருவில் கடைக்குப் போய்வர என் சின்னச் சைக்கிள் போதும், ஆனால் இந்த இறக்கத்தில் அதன் பிரேக்கை நம்ப முடியாது.

பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் வந்து பார்த்தாள். பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தவள். அண்ணனோடு சேர்ந்து இந்தத் தடங்களில் எல்லாம் சைக்கிள் விட்டவள்.

"எருமை மேல யார் வருவாங்கன்னு தெரியுமில்ல அண்ணி?"

"தெரியும். அவர் வர்றதுக்குள்ள நான் இறங்கிடுறேன்."

மார்ச் 6

அவர் உயரம். எனக்கு ஹாண்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. அதை முன்னால் நீட்டிப் பிடிக்கும் கழுத்தைக் கழற்றி, தன் பழைய சைக்கிளில் இருந்த குட்டைக் கழுத்தை நாத்தனார் மாட்டினாள். அடியில் வளையங்களைப் போட்டு உயர்த்தினோம். முற்றத்தில் ஏறி உட்கார்ந்தேன். முதுகு நேராக நின்றது.

கான்வென்ட்டில் சிஸ்டர் வகுப்புக்குள் வந்தால் முதலில் எங்கள் முதுகுகளைத்தான் பார்ப்பார். முதுகு நாற்காலியில் படக்கூடாது. இன்றுவரை பட்டதில்லை.

மார்ச் 8

விழுந்தேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னச் சரிவில்தான். வளைவுக்கு முன்பே உள்ளங்கை மரத்துவிட்டது, விரல் பிரேக்கைத் தேடுகிறது, கிடைக்கவில்லை — புதருக்குள் போய் விழுந்தேன்.

"ஸ்கூல் பெஞ்சுல உக்காந்த மாதிரி உக்காந்தா? குலுக்கலெல்லாம் நேரா கைக்குத்தான் போகும். கொஞ்சம் வளைஞ்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் நாத்தனார்.

"நீ டீச்சரா இருந்த ஸ்கூல் வேற, நான் படிச்ச ஸ்கூல் வேற" என்றேன். கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போகட்டும். யாருக்கு வேணும் அவ?

மார்ச் 9

மழை. நேற்று மரத்த கையில் கரண்டி நிற்கவில்லை.

மார்ச் 13

வந்தாள். வைத்துவிட்டுப் போன ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

"உக்காந்து அளவெடுத்தது தப்பு அண்ணி. இறங்கும்போது யாரு உக்காருவா? பெடல் மேல நில்லுங்க. இடுப்பு பின்னால. முழங்கை மடங்கட்டும். இப்ப விரல் எங்க போகுது பாருங்க."

நின்றேன். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் லிவர்கள் தரையைப் பார்த்தபடி இருந்தன, அவற்றைத் தொட மணிக்கட்டு முறிய வேண்டியிருந்தது. கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வரும்வரை லிவர்களை மேலே திருப்பினோம். ஒற்றை விரலுக்கு எட்டும்படி லிவர்களையும் கைப்பிடிகளையும் உள்ளே தள்ளினோம், லிவரைப் பிடிக்குக் கிட்டே கொண்டுவந்தோம். சீட்டை இறக்கினோம்.

தன் அளவுகளை அவர் வெள்ளைப் பெயின்ட்டால் கோடிட்டு வைத்திருந்தார். ஒரு கோட்டிலும் எதுவும் நிற்கவில்லை.

மார்ச் 17

சரிவில் இறங்கினேன், விழவில்லை. ஆனால் பிடிகளை உள்ளே தள்ளியதில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஹாண்டில் முனை செடியில் மாட்டியது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக அறுத்தோம். அறுத்தது இனி ஒட்டாது.

துண்டுகளைக் குப்பையில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.

மார்ச் 20

"உங்க வயசு என்னன்னு தெரியுமாம்மா?" என்கிறான் மகன்.

"உனக்கு முந்தியே தெரியும்."

நாற்காலியை வேண்டாம் என்று சொல்ல மாட்டானாம். பின்னாலேயே வருமாம்.

மார்ச் 24

பாதி வீடு மூட்டையில். எதற்கு இந்தத் திருகல் எல்லாம்? எப்படி இறங்கினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே. மகன் வீட்டில் எனக்கென்று எதுவும் இல்லாத ஓர் அறை. கை வலிக்காமல் போய்ச் சேருவேன், அவ்வளவுதான்.

மார்ச் 29

இறங்கிவிட்டேன்.

விரல் சொன்ன இடத்தில் பிரேக் பிடித்தது. கை மரக்கவில்லை. திரும்பி வீட்டைப் பார்க்கவில்லை; இறக்கத்தில் போகிற வழியைத்தான் பார்க்க வேண்டும். பின்னால் நாலு பேர் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பேசியபடி வந்தார்கள். பளு இல்லாததால் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

நாத்தனார் நடந்தே இறங்கினாள். அவள் மகள் வீடு வேறு திசையில். பஸ் வரும்வரை என் பக்கத்தில் நின்றாள்.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் நீங்க வளைஞ்சு பாத்தேன் அண்ணி" என்றாள்.

பஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 11

சைக்கிளை இங்கே பால்கனியில் நிறுத்தியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் சரிவே கிடையாது, கண்ணுக்கெட்டியவரை சமதரை.

காலையில் மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்தை, அந்த ஹாண்டில் குறுக்க நிக்குது. துணி காயப்போட வழியில்ல. கொஞ்சம் திருப்பி வெச்சுக்கலாமா? அவர் வந்ததும் பண்ணச் சொல்றேன்."

"வேண்டாம், நானே பண்றேன்."

கழுத்தில் உள்ள திருகுகளைத் தளர்த்தி, ஹாண்டிலைச் சக்கரத்தோடு ஒரே வாக்கில் திருப்பினேன். மறுபடி முறுக்கினேன். இப்போது சைக்கிள் சுவரோடு ஒட்டி நிற்கிறது. பிரேக் லிவர்கள் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன.

மருமகள் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். காப்பி ஆறும்வரை அதில் உட்கார்ந்திருந்தேன். எழும்போதுதான் கவனித்தேன், முதுகு சாய்ந்திருந்தது.