பந்தய நாளில் டூட்டிக்கு ஓடினோம்

மச்சான்,

இன்று காலை அம்பத்தூர் போகும் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் தன் முழங்காலில் நீலகிரித் தைலத்தைத் தேய்த்தார். மூடியைத் திறந்தது அவர்தான். ஓடிப் பழகிய நாளெல்லாம் நீ கால்களில் தேய்த்த அதே தைலம்; வண்டிக்குள் ஏறியது நீ. அந்த வாசனை மூக்கில் பட்டதும் என் இரண்டு கால்களும் தாமாக வலிக்க ஆரம்பித்துவிட்டன. இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

நாம் ஓடக் கிளம்பிய கதையை ஊர் பலவிதமாகச் சொல்லும். உள்ளது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, டயாலிசிஸ் தொடங்கிச் சில வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்தபடி, அவள் உன்னிடம் சொல்லிவிட்டாள்: "போதும். இனிமே ஊசி குத்திக்க நான் போவல." நீ கெஞ்சினாய், திட்டினாய், முழங்காலில் நின்று ஜெபித்தாய். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரம்தான் சர்ச்சில், இலவச டயாலிசிஸுக்கு நிதி திரட்ட ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று அறிவித்தார்கள். நீ நேராக வீட்டுக்குப் போய், "நான் இத்த ஓடி முடிச்சிட்டா, நீ விடாம ஆஸ்பத்திரிக்குப் போவியா?" என்றாய்.

தங்கச்சி சிரித்தாள். "தெருமுனைக்குப் பால் வாங்கவே ஷேர் ஆட்டோ தேடுற ஆளு நீ! சரி, பந்தய நாள் வரைக்கும் போறேன். முடிக்கலைன்னா அதோட என்னை விட்டுடணும், இன்னா?"

"கூட நான் கீறேன் தங்கச்சி" என்று நான் புகுந்தேன். இளவட்டத்தில் நான் ஓடினால் ஆவடியில் காற்றே ஓரமாக ஒதுங்கி நிற்கும் என்பது உனக்குத் தெரியாததா?

அண்ணனூர் ரயில்வே ஷெட் பக்கத்துச் சாலையில் விடியற்காலைப் பயிற்சி. ஒரு விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை. உன் மகள் போனில் பார்த்துச் சொன்ன முறை அது. ஓடும்போது பேச முடிய வேண்டும், பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்றும் சொன்னாள். எனக்காகவே போட்ட சட்டம்! முதல் வாரமே மின்சார ரயிலை முந்தினேன். நீ பொறாமையில் பின்னாலிருந்து கத்தினாய்: "டேய், அது நின்னுகினு கீதுடா!" நின்றதோ நகர்ந்ததோ, முந்தினேனா இல்லையா?

பந்தயத்தன்று சேக்காட்டில் கொடியசைத்தார்கள். பாதித் தூரம் வரை ஊரே என் முதுகைப் பார்த்தபடிதான் ஓடி வந்தது. நீ அளந்து அளந்து கால் வைத்து வந்தாய். தொழிற்சாலைச் சாலை பிரியும் இடத்தில் அம்புக்குறி வலது பக்கம் காட்டியது. அந்த நேரம் பார்த்து, நாம் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஷிப்ட் சங்கு ஊதியது.

முப்பது வருடப் பயம் மச்சான். சங்கு அடங்குவதற்குள் கேட்டைத் தாண்டிப் பழகிய கால்கள். என் கால்கள் இடது பக்கம் திரும்பின. உன் கால்களும் திரும்பின. பின்னால் ரிட்டயர் ஆன இன்னும் நாலு பேர். அந்த வேகத்தில் நான் ஜென்மத்தில் ஓடியதில்லை. கேட்டில் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னா பெருசு, கும்பலா எங்க? பாஸ் கீதா?"

உன் கை பனியனில் இல்லாத பையைத் தேடியது. அப்புறம்தான் உனக்கு உறைத்தது.

"டேய், நாம ரிட்டயர் ஆயிட்டோம்டா!"

காவலர் சிரித்தார், அந்த நாலு பேரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாய். குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாய். நான் ஒரு ஷேர் ஆட்டோவை மடக்கினேன். "ஏறு மச்சான், சர்ச் பின்னாடி எறங்கிக்கலாம். அவளுக்கு எங்க தெரியப் போவுது?"

"தெரியாதுடா. அதனாலதான் ஏறக் கூடாது" என்றாய்.

அதன் பிறகு நாம் செய்ததை ஓட்டம் என்று நானே சொல்ல மாட்டேன். ஓட்டம் முடியும் சர்ச் மைதானத்துக்கு வந்தபோது பந்தல் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கைக்கூட எடுத்துவிட்டார்கள். தங்கச்சி மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். நீ சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அப்படியே தரையில் சரிந்தாய்.

"எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் எங்க பூட்டீங்க?"

"டூட்டிக்கு" என்றாய் நீ.

நான் விவரத்தைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு பழத்தை உரித்து உன் வாயில் வைத்தாள். "எழுந்திரு. ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது" என்றாள்.

யாருக்காக ஓடினாயோ அவள் இருக்கிறாள். ஓடிய நீ ஒரு மழைநாளில் தூக்கத்திலேயே போய்விட்டாய். இப்போது டயாலிசிஸுக்கு நான்தான் அவளை அழைத்துப் போகிறேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் நம் பந்தயக் கதையைச் சொல்கிறேன். அதில் நீ இரண்டாவதாக வந்தாய். முதலில் வந்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

போன வாரம் அவள் மறுபடி ஆரம்பித்தாள். "போதும்ணே. அவரே பூட்டாரு. நான் மட்டும் இன்னாத்துக்கு?"

உன்னைப் போல எனக்கு ஜெபிக்கத் தெரியாது. இருப்பது வாய் ஒன்றுதான். "இந்த வருஷம் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வெச்சிருக்காங்க. நான் முடிச்சிட்டா?" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு வாய் ஓடும்ணே. காலு ஓடுமா?" என்றாள். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வாழ்நாளில் எவ்வளவோ அளந்துவிட்டிருக்கிறேன் மச்சான். செய்து காட்டு என்று யாரும் கேட்டதில்லை. இதை மட்டும் ஓடித்தான் ஆக வேண்டும்.