இலத்தூர் வீட்டு ரேடியோ

இன்று இலத்தூரில் உன் தங்கை வீட்டு ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினேன். சூடான வால்வில் தூசி பொசுங்கும் மணம் குப்பென்று வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். நீ போய்ச் சேர்ந்து சில மாதம் ஆனதெல்லாம் அந்த நேரத்தில் மறந்தே போனது.

உன் தங்கையின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையில் ரேடியோவும் வேண்டும் என்றபோது, தென்காசிக் கடையில் ஒரே மேசையில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த நம் இருவருக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரார் ரேடியோவெல்லாம் நம் கையில். சொந்தமாக ஒன்று வாங்க வக்கில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண். கல்யாணம் நின்றுவிடுமோ என்று நீ சரியாகச் சாப்பிடாமல் அலைந்தாய். அப்போதுதான் குற்றாலத்தில் பங்களாவைக் காலி செய்த யாரோ அந்தப் பெட்டியை நம் தலையில் கட்டினார்கள்.

பல சாரல் பார்த்த பெட்டி. மரம் உப்பிக் கிடந்தது. உள்ளே எலி குடித்தனம் நடத்தி, ஒலிபெருக்கியின் காகிதத்தையும் கடித்து வைத்திருந்தது. "இதுக்குக் கருமாதி பண்ணிட்டுப் போவோம்லே" என்றேன். நீ காதில் வாங்கவில்லை. பெட்டிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு நாள்கணக்கில் ஈரத்தை உலர்த்தினாய். கிழிசலில் மெல்லிய தாளை ஒட்டினாய். நான் கெட்டுப்போன கண்டென்சர்களை மாற்றினேன். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு எங்கிருந்தோ ஒரு நாதசுரம். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். எத்தனையோ ரேடியோவைப் பாட வைத்த எனக்கும் அன்று கண் கலங்கியது.

பழசு என்று வாய் திறக்காதே என எவ்வளவோ சொன்னேன். கேட்கிற ஆளா நீ? முகூர்த்தத்துக்கு முன்பே இலத்தூருக்குக் கொண்டுபோய் வைத்துத் திருகினோம். சத்தம் வரவில்லை.

"என்ன, ஊமையால்லா இருக்கு?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"வால்வு சூடாவணும் அத்தை. பழைய பெட்டிதான். நாங்க ரெண்டு பேருமா சரிபண்ணுனோம்" என்று போட்டு உடைத்தாய். எனக்கு உயிரே இல்லை. அதற்குள் பாட்டு வந்துவிட்டது. மாப்பிள்ளை பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப கெட்டுப்போனா நீங்களே வந்து பாப்பியளா மச்சான்?" என்று கேட்டார்.

"வராம எங்க போவேன்?" என்றாய்.

அந்தக் கேள்வியில்தான் உனக்கு வழி பிறந்தது. கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அண்ணன் அடிக்கடி போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ரேடியோ பார்க்கப் போனால் யார் என்ன சொல்ல முடியும்? "ரேடியோ பாடலையாம்" என்று சேதி வந்தால் போதும், கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுப்பாய். நம் தொழிலில் பெரிதாக என்ன கிடைத்துவிட்டது என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. உன் தங்கைக்குப் பிறந்த வீடு அற்றுப்போகவில்லை.

நேற்று அந்தச் சேதி எனக்கு வந்தது. இன்று போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. நிமிர்ந்தால், உன் தங்கை காபியோடு நின்றிருந்தாள்.

"என்ன கோளாறு அண்ணாச்சி?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஒரு கண்டென்சர் சந்தேகமா இருக்கு தங்கச்சி. மாசம் ஒருக்க வந்து பாக்கணும்" என்றேன்.