கினாவின் பெயருக்கு நேரே

அன்புள்ள தெபானோ,

நலமாக இருக்கிறீர்களா? மழைத்தொட்டி நிறைந்ததா? நம் கினாவுக்குச் சளி விட்டதா? நான் சுகம். இங்கே தராவாத் தீவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பாதி முடிந்தது.

நேற்று ஒரு வேடிக்கை. ஒரு வீட்டில் பாயில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன். அந்த வீட்டு அம்மாள், “நாலு பிள்ளைங்க, நாலும் என்னோடதுதான்” என்றார். கடைக்குட்டி, “என்னைப் பெத்தவ அபையாங் தீவுல இருக்கா” என்றாள்.

“அடியே, உனக்கு முள்ளெடுத்து மீன் ஊட்டுறது யாரு?”

“நீதாம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ‘தத்துப்பிள்ளை’ என்று எழுதினேன். பிறகு பார்த்தால், அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கினா என்று எழுதியிருக்கிறேன். மேலதிகாரி, “என்னம்மா, தூக்கமா?” என்று கேட்டுப் புதுப் படிவம் தந்தார்.

சொந்தக்காரர் பிள்ளையைத் தத்துக் கேட்டால் மறுப்பது நம் வழக்கமில்லை. தெரியும். கினாவை உங்கள் அக்காவிடம் விட்டுவிட்டு நான் கப்பலேறிய அன்று அவர், “நீ வர்றதுக்குள்ள இவ என்னை அம்மான்னு கூப்பிடுவா, பாரு” என்றார். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார்.

தாழம்பழ வற்றல் கொஞ்சம் அனுப்புங்கள். கினாவின் சட்டை ஒன்றும். துவைக்க வேண்டாம்.

நம் தீவில் வியாழக்கிழமை கணக்கு. அன்றிரவு தூங்கும் வீட்டில்தான் ஆளை எழுதுவார்கள். அன்றைக்கு மட்டுமாவது கினாவை அக்கா வீட்டிலிருந்து தூக்கிவந்து நம் வீட்டில் படுக்கவையுங்கள். தாய் எங்கே என்று கேட்டால் தராவாவில் வேலை என்று சொல்லுங்கள். பென்சிலில் எழுதினால் பேனாவில் எழுதச் சொல்லுங்கள்.

கடிதத்தை வாங்கிப்போகக் கப்பல்காரர் வாசலில் நிற்கிறார்.

கினாவின் அம்மா,
தெரேதியா